ஓமந்தூராரை நாற்காலியில் உட்கார வைத்தது யார்?

காஞ்சிபுரத்திலிருந்து வைத்தியத்துக்குச் சென்னை போகிறவர்கள் "ஓமந்தூரார் வரைக்கும் போயிட்டு வந்தோம்" என்று சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கிறோம். அண்ணா சாலையில் இருக்கும் அரசு பன்னோக்கு மருத்துவமனையைச் சொல்கிறார்கள். அது இருக்கும் வளாகத்துக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயர். ஒரு மனிதரின் பெயர் இடத்தின் பெயராகிவிட்டால் மெல்ல மெல்ல மனிதர் மறந்துபோகிறார்.

போன வாரம் சாயங்காலம் டீ போட்டு வைத்திருந்தேன். எதிர்வீட்டுத் தறிக்காரரின் மகள் கையில் கைடோடு வந்தாள். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். "மாமா, சுதந்திரம் வந்தப்போ சென்னை மாகாண முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்னு போட்டிருக்கு. பதவி ஏற்றது 1947 மார்ச் 23. அப்போ 1947-ல தேர்தல் நடந்துச்சா? எந்தக் கட்சியைத் தோற்கடிச்சார்?" என்றாள். நல்ல கேள்வி. படித்தவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். டீ ஆறுவதற்குள் முடிகிற பதில் இல்லை, உட்கார் என்றேன். நீங்களும் உட்காருங்கள், சேர்ந்தே போகலாம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். ஆற்றுப் பாசனச் செழிப்பு இல்லாத பக்கம். ஏரியில் தண்ணீர் நின்றால் நெல், இல்லையென்றால் புன்செய்யில் மல்லாட்டை. அங்கே விவசாயக் குடும்பத்தில் 1895 பிப்ரவரி 1-ஆம் தேதி பிறந்தவர் அவர். தென்னாற்காடு மாவட்டக் காங்கிரசில் வளர்ந்தார். வள்ளலாரிடமும் ரமண மகரிஷியிடமும் ஆழ்ந்த ஈடுபாடு. வக்கீல்களும் பட்டதாரிகளும் நிறைந்திருந்த அந்தக்காலத்துக் காங்கிரஸ் தலைமையில் அவர் சட்டம் படித்தவரும் இல்லை, மேடையை அதிர வைக்கும் பேச்சாளரும் இல்லை. மக்கள் பின்னாளில் அவரை 'விவசாய முதலமைச்சர்' என்றே குறிப்பிட்டார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். 1947-ல் தேர்தல் நடக்கவில்லை. நடந்தது ஓராண்டு முன்னால், 1946-ல். வெள்ளைக்காரர் ஆட்சியில், 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் நடந்தது. சட்டமன்றத்தில் 215 இடங்கள். காங்கிரஸ் பெரும் பெரும்பான்மை பெற்றது. ஆனால் அந்தத் தேர்தலில் நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதியைக் காட்டியவர்தான் பட்டியலில் ஏற முடியும். நிலத்துக்கு வரி கட்டியவருக்கு வாக்கு உண்டு. அவர் நிலத்தில் நாற்று நட்ட கூலிக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை.

நிலம் இருந்தால்தான் பொது விவகாரத்தில் வாய் திறக்கலாம் என்ற கணக்கு நம் பக்கத்துக்குப் புதிதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழசு. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதப் படிப்பும் வேண்டும், ஏனென்றால் அது பிராமணர் சபை. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவுக்காரர்களுக்கும் இடமில்லை என்ற விதியும் அங்கே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. உத்திரமேரூர் நமக்கு அரைநாள் பயணம்கூட இல்லை. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

சரி, 1946-க்குத் திரும்புவோம். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள். முதலமைச்சர் எங்கிருந்து வருவார்? இங்கேதான் எல்லோருக்கும் இருக்கிற அந்தத் தப்பெண்ணம் வந்து நிற்கிறது: 'முதலமைச்சரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.' நம் பேச்சு வழக்கே அப்படித்தான். "இந்தத் தடவை யாரை முதலமைச்சராக்கப் போறீங்க?" என்று டீக்கடையில் கேட்கிறோம். சுவரொட்டியிலும் ஒரே முகம்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் வாக்கு இயந்திரத்தில் முதலமைச்சர் பதவிக்கென்று ஒரு பொத்தான் கிடையாது. நம் தொகுதி உறுப்பினருக்கு மட்டுமே பொத்தான் உண்டு.

நம் தெருக் கோயில் திருவிழாக் கமிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தெருவும் கூடித் தனக்கு ஒருவரைக் கமிட்டிக்கு அனுப்புகிறது. கமிட்டிக்காரர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தங்களுக்குள் ஒரு தலைவரைப் போடுகிறார்கள். கமிட்டியில் பெரும்பாலோர் ஒத்துழைக்கும் வரையில் அவர் தலைவர். நடுவில் அவர்களுக்கு மனம் மாறினால் வேறொருவரைப் போடுவார்கள். அதற்காகத் தெருக்கள் மறுபடியும் கூட வேண்டியதில்லை. சட்டமன்றமும் ஏறக்குறைய இதேதான். பெரும்பான்மைக் கட்சியின் உறுப்பினர்கள் கூடுவதைச் சட்டமன்றக் கட்சிக் கூட்டம் என்கிறோம். அங்கே தேர்வாகும் தலைவரை ஆளுநர் அழைத்துப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கிறார்.

1946 ஏப்ரலில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி அப்படிக் கூடியது. அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் இருந்தன. ஆந்திரத்திலிருந்து த. பிரகாசம் நின்றார். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் காமராஜர் ஆதரித்தது நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான முத்துரங்க முதலியாரை. எண்ணிப் பார்த்தபோது பிரகாசத்துக்கு 82, முதலியாருக்கு 69. பதின்மூன்று பேர் வித்தியாசத்தில் ஒரு மாகாணத்துக்குத் தலைவர் அமைந்தார். வெளியே இருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு அந்த அறையில் ஒரு வேலையும் இல்லை. அந்தப் பதவிக்கு அப்போது ஆங்கிலத்தில் 'பிரீமியர்' என்று பெயர். தமிழ்ப் பத்திரிகைகள் பிரதம மந்திரி என்றும் எழுதின. பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது இரண்டு பிரதமரா என்று குழம்பிவிட வேண்டாம்.

ஓராண்டுக்குள் அதே உறுப்பினர்கள் பிரகாசத்தின் மேல் நம்பிக்கை இழந்தார்கள். 1947 மார்ச்சில் அவர் விலகினார். அடுத்து யார் என்ற கேள்விக்குக் காமராஜரின் ஆதரவோடு வந்த பெயர்தான் ஓமந்தூரார். அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை, மிகவும் தயங்கினார் என்று அந்தக்கால மனிதர்கள் சொல்வார்கள். மார்ச் 23-ல் ஆங்கிலேய ஆளுநர் ஆர்ச்சிபால்டு நையின் கீழ் பொறுப்பேற்றார். ஆகஸ்ட் 15 வந்தபோது நாற்காலியில் இருந்தவர் அவர். அதனால் 'சுதந்திரச் சென்னையின் முதல் முதலமைச்சர்' ஆனார். கைடில் ஒரு வரியாக இருப்பதற்குள் இவ்வளவு இருக்கிறது.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் கேட்டாள்: "அது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு மாமா. இப்போ மாறியிருக்கும்ல?" மாறவில்லை. வாக்கு எல்லோருக்கும் வந்துவிட்டது, அது பெரிய மாற்றம். முதலமைச்சரை உருவாக்கும் முறை அப்படியேதான் இருக்கிறது. சாட்சிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம், நம் ஊர் அண்ணாவே போதும். 1962-ல் அண்ணா காஞ்சிபுரம் தொகுதியில் தோற்றார். அதே ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக டில்லிக்குப் போனார். 1967-ல் அவர் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென்சென்னையிலிருந்து மக்களவைக்கு வென்றார். ஆனாலும் மார்ச் 6-ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார். எந்தச் சட்டமன்றத் தொகுதியும் அவருக்கு வாக்களித்திருக்கவில்லை. வென்ற உறுப்பினர்கள் அவரைத் தலைவர் என்றார்கள். சட்டப்படி அது போதும். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. அப்போது இருந்த மேலவைக்கு அவர் உறுப்பினராக வந்தார், மக்களவை இடத்தை விட்டுக்கொடுத்தார். மேலவை 1986-ல் கலைக்கப்பட்டதால் இன்றைக்கு அந்த வழி இல்லை. ஆறு மாத விதி இருக்கிறது.

மக்களுக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அண்ணாவின் முகத்துக்காகத்தான் பல தொகுதிகளில் வாக்கு விழுந்தது, அது உண்மை. ஆனால் நம் வாக்கு அவரிடம் நேராகப் போய்ச் சேரவில்லை. இன்னொருவர் கை வழியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கை யாருடையது, அது நாளைக்கு எந்தப் பக்கம் தூக்கும் என்று கேட்காமலேயே நாம் வாக்குச்சாவடியை விட்டு வந்துவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

அடுத்த படி டில்லி. ஓமந்தூரார் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத 1946 டிசம்பர் 9-ல் முதன்முதலாகக் கூடிய சபை அது. அங்கேயும் மக்கள் நேரடியாக யாரையும் அனுப்பவில்லை. பத்து லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இடம் என்று கணக்குப் போட்டு, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் விருப்ப வரிசையில் வாக்களித்தார்கள். விருப்ப வரிசை என்றால், சேலைக் கடையில் "அரக்கு இருந்தா அரக்கு குடுங்க, இல்லேன்னா மாம்பழ மஞ்சள், அதுவும் இல்லேன்னா மயில்கழுத்து" என்று சொல்வோமே, அதுதான். முதல் விருப்பம் வீணானால் வாக்கு இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். இன்றைக்குத் தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை இடங்களுக்கும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள்.

இந்த இடத்தில் எதிர்வீட்டுத் தறியைக் காட்டினேன். அன்றைக்கு அவள் அப்பா கோர்வை போட்டுக்கொண்டிருந்தார். உடல் பச்சை, கரை அரக்கு. உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. ஒருவர் உடல் நாடாவை ஓட்ட, பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்தவர் கரை நாடாவைக் கொடுக்கிறார். பச்சை இழை கரைக்குள் போவதில்லை, அரக்கு இழை உடலுக்குள் வருவதில்லை. இரண்டும் எல்லைக்கோட்டில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பிப் போகின்றன. கோர்வை சரியாக விழுந்தால் சேலை கிழிந்தாலும் அந்த இடம் பிரியாது என்பார்கள் நெய்கிறவர்கள். மாநில அரசியலும் டில்லி அரசியலும் தனித்தனி நாடா என்றால், 1946-ல் அவை கோத்துக்கொண்ட இடம் சட்டமன்ற உறுப்பினரின் கை. ஓமந்தூராருக்கு மாகாண நாற்காலியைக் கொடுத்ததும் டில்லி இடத்தைக் கொடுத்ததும் அந்தக் கைதான். இரண்டிலும் ஒரே சமயத்தில் இருக்க அன்றைக்குத் தடையில்லை. இன்றைக்குச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஒருவரே உறுப்பினராக நீடிக்க முடியாது.

நாற்காலியில் இருந்த இரண்டு ஆண்டில் அந்த விவசாயி என்ன செய்தார்? எல்லோருக்கும் கோயில் கதவைத் திறக்கும் ஆலயப் பிரவேசச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947-ஐச் சேர்ந்தவை. கோயில் ஊரான காஞ்சியில் இந்த இரண்டின் கனமும் நமக்குச் சொல்லாமலே தெரியும். 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. பாரதியாரின் எழுத்துகள் பொதுச்சொத்தாவதற்கான ஏற்பாடு 1949-ல் அவர் ஆட்சியில்தான் தொடங்கியது. இவற்றில் ஒவ்வொன்றும் தனிப் பத்திக்கு உரியது. நான் நிற்க விரும்புவது ஜமீன் ஒழிப்பில்.

ஜமீன் என்பது என்ன? அரசுக்கும் உழவருக்கும் நடுவில் ஒருவர். உழவர் அவருக்குத் தீர்வை கட்டுவார். அவர் அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார். ஜமீன் இல்லாத ஊர்களில் ரயத்துவாரி முறை: உழவர் பெயரிலேயே பட்டா, அரசுக்கே நேராகத் தீர்வை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நடுவில் இருந்தவரை எடுத்துவிட்டு ஜமீன் ஊர்களையும் ரயத்துவாரிக்கு மாற்றியது. நடுவில் இருந்தவருக்கு நஷ்டஈடு உண்டு. ஆண்டுத் தொகை சிறிதாக இருந்த எஸ்டேட்டுக்கு 30 மடங்கு, லட்சத்தைத் தாண்டினால் 12½ மடங்கு. பெரியவருக்குக் குறைந்த மடங்கு என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு நியாய உணர்வு இருக்கிறது.

"அப்போ உழுதவருக்கு நிலம் கிடைச்சிருச்சு" என்றாள். முழுவதும் அப்படி இல்லை. அவர்கள் வீட்டுத் தொழிலையே எடுத்துக்கொண்டோம். முதலாளி பாவும் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தருகிறார். நாளைக்கு ஒரு சட்டம் வந்து முதலாளியை எடுத்துவிட்டால் தறிக்காரர் நேராக விற்பார், அவருக்கு லாபம். ஆனால் அவரிடம் கூலிக்குக் கரை நாடா கொடுக்கிறவருக்குத் தறி வந்துவிடுமா? வராது. ஜமீனுக்கு நேர் கீழே இருந்த குடியானவருக்குப் பட்டா வந்தது. அவரிடம் வாரத்துக்கு உழுதவருக்கும் கூலிக்காரருக்கும் வரவில்லை. குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு 1955-ல், நில உச்சவரம்பு 1961-ல் என்று பின்னால் தனித்தனியே வந்தன. மானியமாகத் தரப்பட்டிருந்த பழைய இனாம் கிராமங்கள் பல 1963 வரை காத்திருந்தன. ஆனாலும் முதல் கல்லைப் பெயர்த்தது 1948 சட்டம்தான். அதை ஒரு விவசாயியின் அமைச்சரவை செய்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் பிரிவுகள் 1949 ஏப்ரல் 19-ல் நடைமுறைக்கு வந்தன. அப்போது ஓமந்தூரார் பதவியில் இல்லை. ஏப்ரல் 6-ஆம் தேதியே விலகியிருந்தார். மக்கள் அவரைத் தோற்கடித்தார்களா? இல்லை, தேர்தலே நடக்கவில்லை. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி கவிழ்த்ததா? அதுவும் இல்லை. யாருடைய சொல்லுக்கும் எளிதில் வளையாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். காமராஜரின் ஆதரவு அவரை விட்டுப் போயிருந்தது. சட்டமன்றக் கட்சி பூ. ச. குமாரசாமி ராஜாவைத் தலைவராக்கியது. கமிட்டி மனம் மாறியது, தலைவர் மாறினார். "நல்லவரை ஜனங்க விட்டுட்டாங்களே" என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜனங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

அதன் பிறகு அவர் வடலூருக்குப் போனார். வள்ளலார் வழியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நிலையமும் பள்ளியும் நடத்துவதில் தங்கிவிட்டார். 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

அந்தப் பெண் கைடில் அந்த ஒற்றை வரியின் ஓரத்தில் பென்சிலால் '1946' என்றும், பக்கத்தில் '82–69' என்றும் குறித்துக்கொண்டாள். இன்னொரு தேதியையும் குறித்துக்கொள் என்றேன். வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்ற முறையில் சென்னை மாநிலத்தில் முதன்முதலாக வாக்குப்பதிவு நடந்தது 1952 ஜனவரியில். விவசாய முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கி அப்போது இரண்டே முக்கால் ஆண்டு ஆகியிருந்தது. நிலமில்லாத உழவர்களில் பெரும்பாலோர் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாக்குச்சாவடி வரிசையில் நின்றார்கள்.